நீல மூடி டப்பா

தங்கச்சி குளியலறைக் கதவைச் சாத்தினதுதான் தாமதம், அக்கா சமையலறைக்குப் பாய்ந்தாள்.

அலமாரியில் இரண்டு பிஸ்கட் டப்பா. சிவப்பு மூடி அக்காவுடையது, நீல மூடி தங்கச்சியுடையது. நீலத்தில் இருந்ததைச் சிவப்பிலும், சிவப்பில் இருந்ததை நீலத்திலும் மளமளவென்று மாற்றிப் போட்டாள். வாரா வாரம் நடக்கிற திருட்டு. கை பழகிவிட்டது.

எல்லாம் அந்தத் தோல் டாக்டர் ஆரம்பித்து வைத்த வினை. இரண்டு பேருக்குமே எண்ணெய் வழிகிற முகம்.

"டீ இலையில இருக்கிற ஒரு சத்து இந்த எண்ணெயைக் குறைக்குமான்னு சோதிச்சுப் பார்க்கிறோம். ஒருத்தர் பிஸ்கட்ல அது இருக்கும், இன்னொருத்தருக்கு வெறும் பிஸ்கட். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது" என்றார்.

தான் வேலை பார்க்கும் பட்டறைக்குப் போகிற வழியில்தான் டாக்டரின் கிளினிக் என்பதால், வாரா வாரம் இரண்டு டப்பாவையும் வாங்கி வருவது தங்கச்சிதான்.

டாக்டருக்குத் தெரியாவிட்டால் என்ன? கொஞ்ச நாளிலேயே தங்கச்சி முகம் சொல்லிவிட்டது. கழுவி வைத்த தட்டு மாதிரி பளிச்! எதிர்வீட்டு அத்தை வேறு, "சின்னவ என்னமா தெளிஞ்சுட்டா! பெரியவதான் பாவம்" என்று காதுபடவே சொன்னாள்.

அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

நாள் முழுக்க வெல்டிங் பட்டறையில் முகமூடிக்குள் கிடக்கிறவளுக்கு எதுக்குடி அழகு? டிவியில் செய்தி வாசிக்கப் போகிறவள் நானாச்சே! "குரல் நல்லாயிருக்கு. முகத்துல மேக்கப் நிக்க மாட்டேங்குதே. இன்னொரு தடவை வாங்க, பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பப்பட்டவளும் நானாச்சே!

அப்போது ஆரம்பித்ததுதான் இந்தத் திருட்டு. ஆனால் திருடியும் பலிக்கவில்லை. தங்கச்சி முகம் மேலும் தெளிந்தது. அக்கா முகத்தில் முட்டை பொரிக்கலாம்.

'வெறும் பிஸ்கட் தின்னாலும் அவளுக்கு மினுக்குது பாரு. மச்சக்காரி!'

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த தங்கச்சி, கண்ணாடி முன்னால் நின்ற அக்காவைப் பார்த்தாள். சட்டென்று அவள் கண் கலங்கியது.

"இன்னைக்குத்தானேக்கா டிவிக்காரங்க கூப்பிட்டிருக்காங்க? இந்த முகத்தோடவா போவே? இரு, அந்த டாக்டரை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

"அவரை எதுக்குடி?"

"ஏமாத்துக்காரர்க்கா அவர். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், திட்டாதே. என் முகம் தெளிஞ்சதுமே புரிஞ்சு போச்சு, சத்து என் டப்பாவுலதான்னு. எனக்கு அதுவரைக்கும் தின்னதே போதும். அப்பலேருந்து வாரா வாரம், வர்ற வழியிலேயே என் பிஸ்கட்டை உன் டப்பாவுக்கு மாத்திட்டுத்தான் வீட்டுக்கே வர்றேன். முகமூடிக்குள்ள கிடக்கிறவளுக்கு எதுக்குக்கா அழகு?"

அக்காவின் பார்வை சமையலறை அலமாரிப் பக்கம் ஓடியது.

"அப்புறமும் உனக்கு ஏன்க்கா குறையவே இல்லை?"

பிஸ்கட் தூள் ஒட்டியிருந்த கையை அக்கா மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.