கிரகத்துக்குப் போன பிள்ளை

கல்யாண மண்டபத்திலிருந்து ஆரணிப் பட்டுப்புடவையோடு நேராக தியேட்டருக்கு வந்திருந்தாள் தேவிப்ரியா. பக்கத்து சீட்டு சூசைமேரி உட்காரவே மாட்டேன் என்று நின்றுகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் உட்காருங்கக்கா, பின்னாடி இருக்கறவங்களுக்குத் திரை மறைக்குது."

"கோச்சுக்காதம்மா. எங்க வீட்டுல வளந்தது இந்தப் படத்துல வருது. கண்ணமங்கலத்துலேர்ந்து வேன் வெச்சுகினு வந்துகீறோம்."

பரபரப்பு தேவிப்ரியாவுக்கும் தொற்றிக்கொண்டது. "நெஜமாவா? நடிப்பு ஆசை சின்ன வயசுலேர்ந்தே இருந்துச்சா?"

"அதுக்கு சாப்பிடறதத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. ராவும் பகலும் வேளை தவறாம போட்டு வளத்தேன். ஊதுபத்தி வாசனைகூட அதுக்கு ஆகாது. கேமராவோட வந்த சென்னைக்காரங்க, இதான் கொழுகொழுன்னு கீதுன்னு எடுத்துகினு போனாங்க."

திரையில் விண்கலம் ஊதா நிற மலைமேல் விழுந்து நொறுங்கியது. வீரர்கள் தப்பி ஓட, மலைக்குப் பின்னாலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு பிரம்மாண்டமான தலை எழுந்தது. தியேட்டரே அலறியது. சூசைமேரி மட்டும் விசிலடித்தாள்.

"வந்துடுச்சு பாரு, அதான்!"

"அந்தப் பூதத்துக்குள்ள இருக்கறது உங்க பையனா?"

"பையனா? பட்டுப்புழும்மா. நாங்க புழு வளக்கறவங்க. லென்ஸு வெச்சு மலையாட்டம் காட்டறாங்க."

தேவிப்ரியா வாய்விட்டுச் சிரித்தாள். "ஒண்ணு சினிமாவுக்குப் போயிடுச்சு. அது கூடப் பொறந்ததெல்லாம் எங்கக்கா?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சூசைமேரி அவளுடைய முந்தானையை மெல்லத் தடவினாள்.

"இதோ, உன்கூட உக்காந்து படம் பாத்துகினு கீதுங்க."