மன்னருக்கு வரைந்த மீசை

அப்பாவின் ஆல்பத்திலிருந்து எடுத்துவந்த முடிசூட்டு விழாத் தபால்தலையைக் கமலவேணி மேசைமேல் வைத்தாள். பழைய தபால்தலைகளுக்கு விலை சொல்லும் பெலிக்ஸ், பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“மன்னருக்கு யாரோ மீசை வரைஞ்சிருக்காங்கம்மா. பென்சில்தான். அழிச்சுட்டா நல்ல விலைக்குப் போகும்.”

ரப்பரை எடுத்தவரின் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாங்க. இதுக்காக எங்கக்கா அப்பாகிட்ட பெல்ட்டால அடி வாங்கினா.”

“அக்கா வரைஞ்சதா?”

“நான் வரைஞ்சது. அவ்வளவு அடியிலயும் அவ என் பேரைச் சொல்லல.”

பெலிக்ஸ் ரப்பரைக் கீழே வைத்தார்.

“ஒரு கவர் இருக்குமா?” என்று கேட்டு வாங்கித் தபால்தலையை உள்ளே போட்டாள். அதன்மேல், பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அக்காவின் விலாசத்தைத் தயங்காமல் எழுதத் தொடங்கினாள்.