நிறம் மாறாத தண்ணீர்

விளக்கம் கேட்காமல் றிஸ்மினின் பாமசியில் ஒரு பனடோல்கூட வாங்க முடியாது. மதுரங்குளிச் சந்தியில் எல்லோருக்கும் இது தெரியும். அவசரக்காரர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

கனமூலை ஊரிலிருந்து மர்ளியா அங்கே வந்தது அன்றுதான் முதல் தடவை. டொக்டர் எழுதிய மருந்துத் துண்டை நீட்டினாள். கணவர் ஹயாத்து முகம்மதுவின் பெயரில், பதற்றத்தைத் தணிக்கும் குளிசை.

"இது எப்பிடி வேல செய்யும் தெரியுமா ராத்தா?" றிஸ்மின் உற்சாகமானான். "மூளைக்குச் சொந்தமா ஒரு பிரேக் இரிக்கி. குளிசை புதுசா பிரேக் போடாது. இரிக்கிற பிரேக்க மிதிக்கிற காலுக்குப் பலம் குடுக்கும். ஆனா மூளையும் லேசுப்பட்டதில்ல. நெடுக மிதிச்சா, அதுக்கு ஈடா எஞ்சினக் கூட்டி வெச்சிக்கும். பொறவு..."

"அது கிடக்கட்டும் தம்பி. இது வேற கொம்பனியா? தண்ணியில கரைச்சா நெறம் மாறுமா?"

றிஸ்மினின் கை நின்றது. "ஏன் கரைக்கணும்? முழுங்கலாமே."

"அவருக்குத் தெரியாமக் குடுக்கணும்." மர்ளியா குரலைத் தாழ்த்தினாள். "நொத்தாரிசுக்கிட்டப் போய்த் தென்னங்காணிய எழுத இரிக்கி. அது முடியுமட்டும் மனிசன் சத்தம் போடாம இரிக்கணும்."

வாசலில் நின்ற த்ரீவீலில் இருந்து அவளுடைய தம்பி ஜபார் எட்டிப் பார்த்தான். "கெதியா வாங்க ராத்தா. மச்சான் எழும்பிருவாரு."

றிஸ்மினுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புருஷனை அரைமயக்கத்தில் வைத்துக் காணியில் கையெழுத்து வாங்கப் போகிறார்கள், அக்காவும் தம்பியும். மாட்டேன் என்றால் வேறு கடையில் வாங்குவாள். பொலிஸுக்குப் போக ஆதாரம் இல்லை.

வழி இருந்தது. குளிசைகளை டின்னிலிருந்து எண்ணிச் சின்னக் கடதாசி உறையில் போட்டுக் கொடுப்பதுதான் அவன் கடை வழக்கம். உறைக்குள் போன குளிசைக்குப் பெயர் கிடையாது. அதே பருமனில், அதே வெள்ளையில் இருந்த விற்றமின் குளிசைகளை எண்ணிப் போட்டு, மேலே 'இரவில் ஒன்று' என்று எழுதினான்.

"நெறம் மாறாது ராத்தா," என்றான்.

அன்றைக்கு அவன் நிம்மதியாகத் தூங்கினான், குளிசை இல்லாமலே.

அடுத்த கிழமை, ஹயாத்து முகம்மது வலிப்பு வந்து விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தது. ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். றிஸ்மின் உடனே பொலிஸுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னான். விற்றமின் கதையை மட்டும் நேரில் சொல்ல வைத்துக்கொண்டான்.

சார்ஜன்ட் யோகேஸ்வரன் மர்ளியாவைப் பாமசிக்கே கூட்டி வந்தார். அங்கிருந்த ஒரே கதிரையில் அவளை இருத்தினார்.

"மனிசனுக்கு என்னம்மா குடுத்தீங்க?"

"ஓதின தண்ணி, சேர்."

"அதுக்குள்ள?"

மர்ளியா தலை குனிந்தாள். "குளிசை."

"என்ட குளிசை இல்ல சேர்!" றிஸ்மின் முன்னால் வந்தான். "இவங்கட திட்டம் எனக்கு அன்டைக்கே விளங்கிட்டு. நான் குடுத்தது வெறும் விற்றமின். அது வேல செய்யல்லன்டு வேற என்னமோ குடுத்திரிக்காங்க."

"விற்றமினா?" மர்ளியா சட்டென்று தலையை நிமிர்த்தினாள். "வருஷக்கணக்கா குடுக்கிற மருந்து தம்பி! நாலு பேர் கூடினா அவருக்கு மூச்சு முட்டும், கத்துவாரு. குளிசை குடிச்சாப் பைத்தியம்டு ஊர் சொல்லும்டு வாயில வெக்கமாட்டாரு. ஓதின தண்ணி மட்டும்தான் குடிப்பாரு. மகள்ட பேருக்குக் காணி எழுதணும்டு நின்டதே அவருதான். இந்தக் கிழமைதான், தண்ணியில பரக்கத் போயிட்டு, முந்தின மாதிரிக் கேக்குதில்லன்டு சொல்லிச் சொல்லி நடுங்கினாரு..."

சார்ஜன்டின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி டொக்டர். நெடுநேரம் கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

"ஆள் தப்பிட்டார். நஞ்சு ஒண்டும் இல்லையாம். நெடுக எடுத்த மருந்தை ஒரே அடியா நிப்பாட்டினா இப்பிடித்தான் வலிப்பு வருமாம். நிப்பாட்டினது ஆரெண்டு விசாரிக்கச் சொல்றார்."

அன்று பாதியில் விட்ட விளக்கத்தின் மீதி, பிரேக்கிலிருந்து கால் எடுபட்ட எஞ்சின், றிஸ்மினின் வாய் வரைக்கும் வந்து நின்றது.

சார்ஜன்ட் மர்ளியாவை எழும்பச் சொல்லிவிட்டு, கதிரையை அவன் பக்கம் தள்ளினார்.