ஏரியில் கெண்டை

“நீங்கதான் கெண்டை உட்டீங்க. பொய் சொல்லாதீங்கண்ணா.”

வலையில் துள்ளிய மீன்களைக் காட்டிச் சொன்னாள், ஏரியைச் சுத்தம் செய்யும் திட்டத்துக்குப் பொறுப்பாளரான சுபலட்சுமி. மீன் குத்தகைக்காரர் காத்தவராயன் தலையில் கை வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “எங்க முனீஸ்வரன் மேல சத்தியமா நான் உடலீங்க மேடம்.”

யார் நம்புவது? வேறு எவனுக்கு இந்த ஏரியில் கெண்டை வளர்ந்தால் லாபம்?

ஆரணிச் சாக்கடையும் பட்டு வேகவைத்த சோப்புத் தண்ணியும் சேர்ந்து ஏரியைப் பச்சைக் குழம்பாக்கி வைத்திருந்தன. சாக்கடையை அடைத்தும் பச்சை போகவில்லை. பாசியைத் தின்கிற பொடிப் பூச்சிகளைக் கெண்டைகள் தின்றுவிட்டு, அடிச்சேற்றையும் கிளறிக்கொண்டிருந்தன. மூன்று வருஷம் மாரடித்து அவற்றை வாரி வெளியே போட்டாள் சுபலட்சுமி. மிச்ச மீதிக் குஞ்சைத் தின்ன விரால் விட்டாள். போன வருஷம் முழங்கால் தண்ணீரில் நின்றால் கால் விரல் தெரிந்தது. ஐயோ, அன்றைக்கு அவள் பட்ட சந்தோஷம்!

இப்போது மறுபடியும் பச்சை. மத்தியானம் வந்த அதிகாரிகள் ஐந்தே நிமிஷம் பார்த்துவிட்டுத் திட்டத்தை மூடச் சொல்லிவிட்டார்கள். அவள் கொடுத்த புகாரில் காத்தவராயனின் குத்தகையும் ரத்தானது. மனுஷன் வலையைச் சுருட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்தபோது, சனிக்கிழமை வழக்கப்படி கோயிலுக்குப் போய்வந்த அம்மா அபிதகுசாம்பாள் கால் கழுவிக்கொண்டிருந்தாள். முட்டைகூட நுழையாத வீடு அது. ஒரு வருஷமாக அம்மாவின் பூஜைக் கூடையில்கூட மீன் வாடை. பாழாய்ப்போன தன் கைதான் எதையும் விட்டுவைக்கவில்லை என்று சுபலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

“என்னாச்சுமா, மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்குது?”

“எல்லாம் போச்சுமா. திட்டத்த மூடிட்டாங்க. இனிமே ஏரிய யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

“அழுவாத. அத்தன உயிர நீ வாரி வெளிய போட்டியே, அந்தப் பாவந்தான் உன்னச் சுத்துது. ஒண்ணுக்கு ஒண்ணு திருப்பி உட்டா சரியாப் பூடும்னு ஜோசியர் சொல்லிகீறாரு. நானும் வாரா வாரம் உன் ஏரிலதான் உட்டுகினு வரேன்.”

சுபலட்சுமி பூஜைக் கூடையைத் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னும் நூறு கெண்டதான் பாக்கி.”