பூங்கா வாசலில் நின்ற புல்வெட்டி

பழைய புல்வெட்டும் வண்டி ஒன்றைத் துருவெல்லாம் சுரண்டி, பச்சை பெயிண்ட் அடித்து, பூங்கா வாசலில் காட்சிக்கு வைத்தார்கள். பெயிண்டர் மரியசூசைக்குத் தாராளக் கை. சக்கரம், அச்சு, கத்தி எதையும் விடவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. வண்டியால் அசைய முடியவில்லை. ஆனால் என்ன பளபளப்பு!

மழை பெய்தது. பூங்காவின் திறப்பு விழாவுக்கு முதல் நாள் பார்த்தால், கத்திகளுக்கு நடுவே புல் முளைத்து நிற்கிறது.

வண்டிக்கு மானம் போனது. வேலியோரம் மேய்ந்த ஆட்டைக் கூப்பிட்டது.

"ஏய், இந்தப் புல்லைக் கடி. பெயிண்டில் பல் படக் கூடாது."

"அண்ணே, நீங்க புல்வெட்டிதானே?"

"நாற்பது வருஷம் வெட்டினவன்டா நான். சொன்னதைச் செய்."

ஆடு ஒட்ட மேய்ந்துவிட்டு ஒதுங்கியது.

மறுநாள் வந்த கூட்டம் அசந்துபோனது. "இந்த வயசிலும் எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்கு பாருங்க!"

வண்டி நிமிர்ந்து நின்றது. ஆட்டைப் பார்த்து, "பார்த்தாயா என் வேலையை?" என்றது.

ஆடு அசைபோட்டபடியே சொன்னது: "பிரமாதம்ண்ணே. அடுத்த வாரமும் வெட்டுவீங்கல்ல? பசியோட வர்றேன்."