ஏழாம் படத்தில் ஏரோப்ளேன்

ராயபுரம் கடலோரக் கற்களின் மேல், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சவரிநாதன் பெட்டிக் கேமராவை மார்போடு அணைத்து நிற்கிறான். பக்கத்தில் மனைவி ஞானம் வேர்க்கடலை உரிக்கிறாள். யாரோ மொத்தமாக வாடகைக்குப் பிடித்த நாலு எஞ்சின் விமானம், எண்ணூர்ப் பக்கமிருந்து வயிறு மின்னத் தாழ்ந்து வருகிறது. இதற்காக மூன்று ஞாயிறு காத்திருந்த விமானப் பைத்தியம் அவன்; மூச்சடக்கி விசையைத் தட்டுகிறான். இரைச்சல் தெற்கே தேய்கிறது. பிலிமைத் திருகக் குனிந்தால், கேமராவின் முதுகில் பட எண் காட்டும் சிவப்புக் கண்ணாடியில், எட்டு தெரிய வேண்டிய இடத்தில் ஏழு. சற்றுமுன் ஞானத்தைப் படமெடுத்தவன் பிலிமை நகர்த்தவே மறந்திருக்கிறான். “உன் மூஞ்சி மேலயே ஏரோப்ளேனும் வுழுந்துகீது. பாழாப் பூட்ச்சி,” என்கிறான். அவள் தோலை ஊதிவிட்டு, கடலையை அவன் உள்ளங்கையில் கொட்டுகிறாள். “இன்னா பாழு? உன்னிய கட்டிக்கின நாள்லேர்ந்து அது என் தலைமேலதான் சுத்திக்கினு கீது. இன்னிக்குத்தான் படத்துல வுழுந்துகீது.”