புள்ளி இல்லாத மூலை

மின்விசிறிக் காற்றில் வரைபடம் துள்ளுகிறது. பறந்துவிடாமல் இருக்க அதன் ஒரு மூலையில் தேநீர்க் கோப்பையை வைத்திருக்கிறாள் ஆய்வு அதிகாரி. வரைபடத்தில் இருப்பது பழைய சாயப்பட்டறையின் விஷம் ஊறிப்போன நிலம். எங்கெங்கே துளைத்துச் சோதனைக்கு மண் எடுப்பது என்று காட்டும் சிவப்புப் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. எதிரே கட்டுமான நிறுவனத்தின் பொறியாளன் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறான். அவள் காலும் ஒரு நிலையில் இல்லை. அந்த நிலத்தில் எழப்போகும் குடியிருப்பில் வீடு கேட்டிருக்கும் அவள் தங்கை காலையிலிருந்து விடாமல் அழைக்கிறாள். மேசைமேல் கைபேசி வண்டுபோல் உறுமி நகர்கிறது. “எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம். உங்க கையெழுத்துதான் பாக்கி,” என்கிறான். சரியாகத்தான் இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது. ஒரு வாய் குடிக்கக் கோப்பையை எடுக்கிறாள். அது விட்டுப்போன ஈர வளையத்துக்குள் ‘சாயத் தொட்டி’ என்று மங்கிய எழுத்து, அதன்மேலேயே ‘சிறுவர் பூங்கா’ என்று புது எழுத்து. புள்ளி ஒன்றுகூட இல்லை. “இங்க மட்டும் ஏன் விட்டுட்டீங்க?” “அங்க தரை முழுக்க காங்கிரீட் மேடம். துளைக்கிற மெஷின் தாங்காது.” “அதைப் பேத்துட்டுத்தானே பூங்கா போடுவீங்க?” பேனா மூடி நின்றுவிடுகிறது. கைபேசி மட்டும் உறுமி உறுமி மேசை விளிம்புக்கு வந்துவிட்டது. அதைப் பிடிக்கவும் அவள் கை நீளவில்லை, கையெழுத்துப் போடவும் நீளவில்லை.